நாலு சத முத்திரையில் ஒரு நூற்றாண்டு

நெடுநாளாகப் பெட்டிக்குள் கிடந்த என் முத்திரைத் தொகுப்பை அண்மையில் வெளியே எடுத்தேன். பள்ளிப் பருவத்தில் ஆசையோடு சேர்த்தவை. பல முத்திரைகள் பசை காய்ந்து ஏட்டை விட்டுக் கழன்று கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவற்றுள் ஒன்று என் கையைத் தடுத்து நிறுத்திற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் வெளியிட்ட நாலு சத முத்திரை அது. தொப்பியணிந்த மாணவத் தாதி ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தாதியர் பணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று அதிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

முத்திரைகளிலே முகங்காட்டுவோர் பெரும்பாலும் பெயருடையோர். முடிதரித்த மன்னர், படைநடத்திய தளபதியர், நாடாண்ட தலைவர், நூலியற்றிய புலவர் ஆகியோர் தத்தம் பெயரோடு அங்கே வீற்றிருப்பர். இந்தப் பெண்ணோ தனியொருத்தி அல்லள். அதனாலேயே ஒரு தொழிலைச் சேர்ந்த அனைவருமாகி நிற்கிறாள். இச்சிறு தாளின் பின்னே நிற்கும் வரலாறு யாது? அவள் கையிலுள்ள மெழுகுவர்த்தி எதன்பொருட்டு ஏற்றப்படுகிறது? இவ்விரு வினாக்களும் சில நாளாக என்னை விடவில்லை. நான் கண்ட விடையையே இங்கு எழுதுகிறேன்.

இம்முத்திரை என்னிடம் வந்த விதத்தை முதலிற் சொல்லிவிடலாம். என் அக்கா ஒரு வைத்தியசாலையிலே தாதியாகப் பணியாற்றியவர். அவரோடு முன்னர் பணிபுரிந்து பின் தாய்நாடு திரும்பிய அமெரிக்கப் பெண்மணி ஒருவர் 1962 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாலு சதம் என்பது அன்று அந்நாட்டினுள்ளே ஒரு கடிதம் செல்வதற்குரிய கட்டணமாக இருந்தது. கடல்கடந்து இலங்கைக்கு வர அது போதாது. ஆகவே வேறு முத்திரைகளும் அதனருகே ஒட்டப்பட்டிருந்தன. கடிதத்தைப் படித்து முடித்த அக்கா, உறையின் மூலையைக் கத்தரித்துக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டார். முத்திரைகள் தாமாகக் கழன்றதும் துணியில் ஒற்றி என்னிடம் தந்தார். இந்த ஒன்றைமட்டும் தனியே எடுத்து, "இதைக் கவனமாய் வைச்சிரு, தம்பி" என்றார். அதன் காரணத்தை அன்று நான் கேட்கவில்லை.

1961 டிசெம்பர் 28 ஆம் திகதி வாஷிங்டன் நகரிலே இம்முத்திரை வெளியிடப்பட்டது. வரைந்தவர் அல்பிரட் சாள்ஸ் பாக்கர். சஞ்சிகைகளுக்குச் சித்திரம் தீட்டி அந்நாட்டிலே பெரும்புகழ் பெற்றவர். தாதியர் தொழிலைச் சிறப்பிப்பது முத்திரையின் நோக்கம். ஒரு நாட்டின் கடிதங்களிலெல்லாம் ஏறிப் பல கோடி வீடுகளின் வாசல்வரை செல்லும் சிறப்பு அது. அத்தகைய சிறப்பை அடையுமுன் அத்தொழில் கடந்துவந்த பாதை எத்தகையது?

1961 இலிருந்து நூறாண்டு பின்னோக்கிச் சென்றால் 1861 ஐ அடைகிறோம். அவ்வாண்டு ஏப்பிரலில் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. காயம்பட்ட வீரரைப் பேணுவதற்கு முறையான பயிற்சிபெற்ற தாதியர் அன்று அந்நாட்டில் இல்லை. மனநோயாளரின் நல்வாழ்வுக்காகப் பல்லாண்டு போராடிப் பெயர்பெற்றிருந்த டொறதியா டிக்ஸ் அம்மையார், யூன் மாதத்திலே வட மாநிலப் படையின் தாதியருக்குத் தலைவியாக நியமிக்கப்பட்டார். அவர் விதித்த நிபந்தனைகள் இன்று விந்தையாகத் தோன்றும். விண்ணப்பிப்போர் 35 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டோராதல் வேண்டும். கபிலம், சாம்பல், கறுப்பு ஆகிய நிறங்களிலேயே ஆடை அணிதல் வேண்டும். நகையணிதலும் கூந்தலைச் சுருட்டி அழகுபடுத்தலும் கூடா. இளமையும் அழகும் பாசறைக்குட் புகுந்தாற் பழிவரும் என்று உலகம் அஞ்சிய காலம் அது. வேதனமோ நாளொன்றுக்கு 40 சதமும் உணவுமே. என் கையிலிருந்த முத்திரையின் விலை நாலு சதம். பத்து முத்திரையின் விலைக்கு ஒரு நாள் முழுதும் புண்கழுவிய பெண்களை எண்ணியபோது, அதன் மூலையிலே அச்சிட்டிருந்த எண் எனக்கு வேறொரு பொருள் தந்தது.

போர் 1865 இல் முடிவுற்றது. வீரருக்கு ஓய்வூதியம் வந்தது, தாதியருக்கு வரவில்லை. அவர்களுக்கு மாதம் 12 டொலர் வழங்குவதற்கான சட்டம் 1892 இலேதான் நிறைவேறிற்று. இடையிலே கழிந்தவை 27 ஆண்டுகள். முதற்சேர்ந்தோர் அதற்குள் மூப்பெய்திவிட்டனர். பலர் மாண்டும் போயினர். அச்சட்டத்தின் நிழல்தானும் எல்லோர்மீதும் விழவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, மறைவாக எழுதப்படிக்கக் கற்றுக்கொண்டவர் சூசி கிங் டெய்லர். கறுப்பின வீரரின் படையணியொன்றோடு நான்காண்டுக்கு மேலாக வாழ்ந்து, நோயுற்றோரைப் பேணியதோடு, ஓய்ந்த வேளையில் வீரருக்கு எழுத்தும் கற்பித்தார். படையின் ஏட்டிலே அவர் சலவைக்காரியாகவே பதியப்பட்டிருந்தார். சம்பளம் பெறவில்லை, தாதியருக்குரிய ஓய்வூதியமும் அவருக்குக் கிட்டவில்லை. 1902 இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டிராவிடின் அவர் பெயரையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். தாதியாகவும் ஆசிரியையாகவும் விளங்கிய ஒருத்தியை வரலாறு வெறும் சலவைக்காரியாக எழுதிவைத்தது என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் ஒருகணம் நினைந்து பார்ப்பாராக.

போர் உணர்த்திய பாடத்தின் பயனாகப் பயிற்சிக்கூடங்கள் தோன்றலாயின. பொஸ்டன் நகரிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென அமைந்த நியூ இங்கிலாந்து வைத்தியசாலையில் 1872 இல் ஒரு பயிற்சி வகுப்புத் தொடங்கிற்று. அதன் முதல் மாணவியாகச் சேர்ந்து 1873 இல் தேறிய லிண்டா றிச்சாட்ஸ் அம்மையாரே அமெரிக்காவின் முதற் பயிற்சிபெற்ற தாதி எனப்படுபவர். அவர் 1911 இல் வெளியிட்ட நினைவு நூலிலே தம் மாணவ வாழ்வைக் குறித்துச் சொல்லுபவை நெஞ்சை விட்டகலாதவை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுவர். இரவு ஒன்பது மணிக்கே நோயாளர் விடுதியை விட்டு நீங்குவர். இவ்வளவும் பொறுக்கலாம். பொறுக்கவியலாத ஒன்று உண்டு. தாம் கொடுக்கும் மருந்தின் பெயரைத் தாதியர் அறிந்துகொள்ளாதபடி மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டனராம். மருந்துப் போத்தல்களிலே பெயர் ஒட்டப்படவில்லை, எண்களே ஒட்டப்பட்டிருந்தன!

இதனை எண்ணும்போது என் நெஞ்சு நம் மண்ணை நோக்கித் திரும்புகிறது. அமெரிக்க மிஷன் சங்கத்தால் அனுப்பப்பட்ட வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்து, மாணாக்கருக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம், வைத்தியாகரம் முதலான நூல்கள் அவருடைய முயற்சியாலே தமிழில் எழுந்தன. பொஸ்டனிலே ஆங்கிலம் பேசும் பெண்ணுக்கு ஆங்கிலப் பெயருள்ள மருந்தை எண்ணாக்கி மறைத்த அந்நாளிலே, மானிப்பாயில் அதே நாட்டவரொருவர் மருந்துக்கும் நரம்புக்கும் எலும்புக்கும் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருந்தார். றிச்சாட்ஸ் தேறிய 1873 ஆம் ஆண்டே கிறீன் நம் நாட்டைவிட்டு நீங்கிய ஆண்டு. இதைச் சொல்லி நாம் பெருமை பாராட்டிவிட முடியாது. கிறீனிடம் வைத்தியம் பயின்று வைத்தியரானோர் ஆண்கள். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை எழுந்து, அங்கே நம்மூர்ப் பெண்கள் தாதியராகப் பயிலத் தொடங்கிய பின்னரே அந்த அறிவின் கதவு அவர்களுக்குச் சற்றுத் திறந்தது. ஊரெதுவாயினும் வழக்கு ஒன்றாகவே இருந்தது. பெண்ணின் கை வேண்டப்பட்டது; அவள் அறிவு வேண்டப்படவில்லை.

எண்ணிட்ட போத்தல்களின் நடுவே பயின்ற லிண்டா றிச்சாட்ஸ் அடுத்துச் செய்த காரியம் யாது? நியூயோர்க் நகரத்துப் பெல்வியூ வைத்தியசாலையில் இரவுப் பணிக்குத் தலைவியாக அமர்ந்த அவர், நோயாளரின் நிலையைத் தாளிலே குறித்துவைக்கலானார். அதுவரை தாதியர் தாம் கண்டவற்றை வாய்மொழியாகவே கூறிவந்தனர். சொல் மறந்தபோது கண்டதும் மறைந்தது. எழுதிவைத்த குறிப்போ காலையில் வரும் வைத்தியரின் கைக்குச் சென்றது. சிகிச்சையை மாற்றும் வலிமை பெற்றது. இன்று உலகெங்கும் நோயாளியின் கட்டிலருகே தாதியர் எழுதிவைக்கும் குறிப்பேட்டு முறைக்கு அவ்விரவுகள் ஒரு தொடக்கம். பின்னர் அவ்வம்மையார் யப்பானிலே கியோத்தோ நகருக்குச் சென்று தாதியர் பயிற்சிக்கூடம் அமைத்தார். அவரை அனுப்பியதும் கிறீனை நமக்கு அனுப்பிய அதே சங்கமே.

அதே பொஸ்டன் வைத்தியசாலையிலே சமையல், சலவை, துப்புரவு முதலிய வேலைகளைச் செய்து பல்லாண்டு கழித்த கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார். தம் முப்பதாவது வயதைக் கடந்தபின் மாணவியாக அனுமதிக்கப்பட்டு 1879 இல் தேறினார். அவரே மேரி எலைசா மஹோனி; அந்நாட்டின் முதற் பயிற்சிபெற்ற கறுப்பினத் தாதி. அவரோடு சேர்ந்தோருள் இறுதிவரை நின்று தேறியோர் ஒருசிலரே. இவ்வாறு கற்றவர்களின் தகுதியைச் சட்டம் ஏற்க மேலும் காலம் சென்றது. தாதியரைப் பதிவுசெய்யும் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களுள் முதலில் இயற்றியது வட கரோலினா, ஆண்டு 1903.

இனி, அந்த மெழுகுவர்த்திக்கு வருவோம். தாதி என்றவுடன் விளக்கை நினைப்பது உலக வழக்காகிவிட்டது. அதற்குக் காரணர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கிரிமியாப் போரின்போது 1854 நவம்பரிலே 38 பெண்களை அழைத்துக்கொண்டு ஸ்கூட்டாரி வைத்தியசாலையை அடைந்த அவர், இரவிலே விளக்கேந்தி நோயாளரிடையே உலாவிய காட்சி பத்திரிகையாலும் கவிதையாலும் அழியாத சித்திரமாயிற்று. பதக்கங்களிலும் சின்னங்களிலும் அவ்விளக்கு நம் அகல்போல மூக்குடையதாகத் தீட்டப்படும். உண்மையிலே அவர் ஏந்தியது துருக்கியர் பயன்படுத்திய மடிப்புக் கூண்டுவிளக்கு. விளக்கின் உருவத்தைத் தவறாக நினைவு வைத்தது சிறு பிழை. அவ்விளக்கொளியில் அவர் செய்ததை மறந்ததே பெரும் பிழை.

1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியிலே சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேர் அளவில் மாண்டனர். மார்ச்சு மாதத்திலே சுகாதாரக் குழுவொன்று வந்து கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்திற்கு வழிசெய்தது. யூன் மாதமளவில் அத்தொகை நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. நாடு திரும்பிய நைற்றிங்கேல் அம்மையார் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவரோடு சேர்ந்து அக்கணக்குகளை ஆராய்ந்தார். வீரரைக் கொன்றது பகைவரின் வாளன்று, வைத்தியசாலையின் அழுக்கே என்பதை 1858 இலே வட்ட வரைபடங்களால் நிறுவிக் காட்டினார். 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் தொடக்கிய பயிற்சிப் பள்ளியின் அடித்தளமும் அந்த அறிவே. உலகமோ அவர் கையிலிருந்த விளக்கைப் பாடிற்று; மறுகையிலிருந்த கணக்கேட்டைப் பாடவில்லை.

எனது தொகுப்பிலே இன்னொரு முத்திரையும் உண்டு. 1976 ஓகஸ்டிலே அமெரிக்கா வெளியிட்ட 13 சத முத்திரை. இதிலுள்ள தாதிக்குப் பெயர் இருக்கிறது: கிளாரா மாஸ். மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவது நுளம்பே என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலே, கியூபாவின் ஹவானா நகரில் 100 டொலர் கொடுப்பனவுடன் தம்மை நுளம்பு கடிக்கவிட இசைந்தவர் அவர். முதன்முறை சிறு காய்ச்சலோடு தப்பினார். மறுமுறை கடியுண்டு 1901 ஓகஸ்ட் 24 ஆம் திகதி இறந்தார். வயது 25. அவருடைய மரணம் எழுப்பிய கண்டனத்தால் மனிதர்மீது நடத்தப்பட்ட அச்சோதனைகள் நின்றன. 1951 இலே கியூபாவும் அவருக்கு முத்திரை வெளியிட்டது. அமெரிக்க முத்திரையிலே அவர் பெயரோடு, தம் உயிரை ஈந்தார் என்னும் பொருள்பட ஒரு தொடர் காணப்படும்.

அத்தியாகத்தின்முன் தலைவணங்காதார் யார்? ஆயினும் இரு முத்திரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. தாதியரைப் போற்றும்போது நாம் எப்போதும் தியாகம் என்னும் ஒரு சொல்லையே எடுத்தாள்கிறோம். அச்சொல் உயர்ந்ததுதான், ஆனால் வசதியானதும்கூட. தியாகிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. தியாகிக்கு மருந்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. முத்திரையும் மாலையும் போதும். நாளுக்கு 40 சதம் கொடுத்தவர்களும், 27 ஆண்டு ஓய்வூதியத்தைத் தாமதித்தவர்களும் அப்பெண்களைத் தேவதைகளென்று புகழ்ந்துகொண்டே அவ்வாறு செய்தனர். உலக சுகாதார நிறுவனம் 2020 இலே, நைற்றிங்கேல் பிறந்த இருநூறாவது ஆண்டிலே, வெளியிட்ட அறிக்கை உலகிலுள்ள தாதியர் 2 கோடியே 79 இலட்சம் என்றும், மேலும் 59 இலட்சம் பேர் தேவை என்றும் கணக்கிட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். அவ்வாண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளிலே மக்கள் வாசலில் நின்று அவர்களுக்காகக் கைதட்டினர். கைதட்டல் நல்லதே. ஆனால் வெறுங் கைதட்டலால் அந்தக் குறை நிரம்பாது.

நம் சமூகம் இதிலே குற்றமற்றதா? சங்கச் செய்யுளிலே செவிலி பெற்ற தாயினும் ஒருபடி நெருக்கமானவள். தலைவியின் உள்ளம் அறிந்தவள். அறிவுடைத் தோழியை ஈன்றவள். அவள் கூற்றுக்கென்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. தமிழகத்தார் அச்சொல்லையே செவிலியர் என்று இத்தொழிலுக்கு வழங்குகின்றனர். நாமோ தாதி என்கிறோம். வளர்ப்புத்தாயையும் பணிப்பெண்ணையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. அவ்விரு பொருளுள் எதனை மனத்திற்கொண்டு நம் வீடுகளிலே அச்சொல்லை உச்சரித்தோம் என்பதை நான் சிறுவனாயிருந்து கண்டிருக்கிறேன்.

அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தனர். எல்லாம் பொருந்திற்று. பெண் இராப்பணிக்குப் போவது மட்டும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. வேலையை விட்டால் சம்மதம் என்று சொல்லியனுப்பினர். ஐயா வற்புறுத்தவில்லை, ஆனால் மனம் நொந்து திண்ணையில் அமர்ந்திருந்தார். அக்கா அருகே சென்று தாழ்ந்த குரலிலே சொன்ன வார்த்தை இன்றும் என் செவியில் இருக்கிறது. "ஐயா, ராவிலை நான் எழுதி வைக்கிறதைப் பாத்துத்தான் விடிய டொக்டர் மருந்தை மாத்திறவர். அந்த வேலையை விடச் சொல்லாதேங்கோ."

தியாகம், சேவை, அர்ப்பணம் என்னும் சொற்களுள் ஒன்றையேனும் அவர் எடுக்கவில்லை. தாம் காண்பதையும், கண்டதை எழுதுவதையும், எழுதியதால் ஓர் உயிர் தப்புவதையுமே சொன்னார். லிண்டா றிச்சாட்ஸ் என்னும் பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தாரோ அறியேன். ஆனால் பெல்வியூ வைத்தியசாலையின் இரவுகளிலே தொடங்கிய ஒன்றை அவர் நம்மூர் விடுதியொன்றிலே தொடர்ந்துகொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் குழம்பிற்று. சில ஆண்டுகளின்பின் வேறொரு நல்ல இடத்திலே வாழ்க்கைப்பட்டார். ஓய்வுபெறும் நாள்வரை தம் பணியை விடவேயில்லை.

மெழுகுவர்த்தி உருகுவது உண்மை. மேடைகளிலே தாதியரை மெழுகுவர்த்திக்கு ஒப்பிடுவோர் அவ்வுருகுதலையே எடுத்துப் பேசுவர். ஆயின் மெழுகுவர்த்தியை உருகவைப்பதற்காக எவரும் ஏற்றுவதில்லை. இருட்டிலே ஒன்றைக் காண்பதற்காகவே ஏற்றுகின்றனர். முத்திரையிலுள்ள அந்தப் பெண்ணும் தன்னை எரித்துக்கொள்ளவில்லை, விளக்கேற்றுகிறாள். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கும், மருந்தின் பெயரைப் படிப்பதற்கும், கண்டதைக் குறித்துவைப்பதற்கும் அவளுக்கு ஒளி வேண்டும். அந்த ஒளியை அவளுக்கு யாரும் எளிதிற் கொடுத்துவிடவில்லை என்பதே இந்நூற்றாண்டு வரலாறு.

அக்கா இன்று இல்லை. கழன்று கிடந்த முத்திரையைப் புதிதாகப் பசைதடவி அதன் பழைய இடத்திலேயே ஒட்டினேன். மற்ற முத்திரைகளுக்குக் கீழே நாட்டின் பெயரும் ஆண்டும் எழுதிவைத்திருந்தேன். இதன் கீழ் அவற்றை எழுதியபின், மேலும் சிறிது இடம் எஞ்சியிருந்தது. அங்கே என் அக்காவின் பெயரை எழுதினேன்.